ஐம்பத்தேழாவது கட்டம்

“எனக்கு ஒரு துளை வேணுங்க” என்றாள் யசோதா.

கோலார் தங்க வயலின் நாகரிக வரலாற்றில் இதைவிட அடாத கோரிக்கை எழுந்ததில்லை. சம்பளத்தைக் கூட்டச் சொல்லி இங்கே ஊர்வலம் போயிருக்கிறார்கள். கொடி பிடித்திருக்கிறார்கள். சுரங்க ஷாஃப்ட் வாசலில் குடும்பத்தோடு படுத்துப் பார்த்திருக்கிறார்கள். அத்தனையையும் கம்பெனி பெருந்தன்மையாக மன்னித்து, இரண்டு வேன் போலீஸோடு விட்டுவிட்டது. துளை கேட்டவர் மட்டும் இதுவரை ஒருவருமில்லை. யசோதா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அட்டைப் பதிவுப் பிரிவின் சூபரின்டென்டென்ட் சௌந்தரராஜன் அவளை உட்காரவைத்து எச்சரித்திருந்தார். “ஃபேன் கேளும்மா, லீவு கேளு, நாற்காலிக்கு நாலாவது கால் கேளு, யோசிக்கலாம். அட்டையில புதுசா ஒரு துளை மட்டும் கேட்டுடாதே. அது அஸ்திவாரத்துல கை வைக்கிற சமாசாரம்.”

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, வழிகாட்டித் திருத்தக் குழுவின் நாற்பத்தொன்றாவது கூட்டத்தில், டீ வருவதற்கு முன்பாகவே அவள் கேட்டுவிட்டாள்.

அட்டையின் மகிமையை அறியாத அப்பாவிகளுக்காகச் சில வார்த்தை. கம்பெனியில் வேலை பார்த்த, பார்க்கிற ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அட்டை உண்டு. ஒரு சாண் நீளம். அதில் எண்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இடங்கள். அவற்றில் ஒன்றில் துளை போடுவார்கள். பன்னிரண்டாவது கட்டத்தில் நாலாம் இடத்தில் துளை இருந்தால் அவன் பாறையில் ட்ரில் அடிக்கிறவன். இருபதாவது கட்டத்தில் ஒன்றில் இருந்தால் கல்யாணமானவன். இப்படி ஒருவன் பிறந்தது, வளர்ந்தது, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனது, எப்படி மேலே வந்தான் என்பது வரைக்கும் எண்பது துளையில் அடங்கிவிடும். அட்டைகளை எந்திரத்தில் அடுக்கி, இன்ன கட்டத்தில் இன்ன துளை என்று திருகிவைத்தால், அது சரசரவென்று கேட்டதை மட்டும் பொறுக்கித் தனித் தட்டில் தள்ளும். ஆயிரம் குமாஸ்தாக்களின் மூளை அந்த எந்திரத்துக்கு உண்டு என்பார் சௌந்தரராஜன். குமாஸ்தாக்களோடு முப்பது வருஷம் பழகியவர் இதைப் பாராட்டாகச் சொன்னாரா என்பது தெளிவில்லை.

எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திய வெள்ளைக்கார துரை, நாம் அதைக் கெடுத்துவிடுவோமே என்ற கவலையில் ஒரு வழிகாட்டி நூலும் எழுதிவைத்துவிட்டு ஐம்பத்தாறில் கப்பலேறினார். ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்த கம்பெனி, ‘சுதந்திர பாரதத்துக்கு ஏற்ற’ திருத்திய பதிப்பு வேண்டுமென்று ஐவர் குழுவை அமைத்தது. குழு மூன்று வருஷம் உழைத்தது. ‘மாட்சிமை தங்கிய மன்னர்’ என்று இருந்த இடங்களிலெல்லாம் ‘உரிய அதிகாரி’ என்று போட்டது. எந்திரத்தின் முன்னால் கவுனோடு உட்கார்ந்திருந்த படத்துப் பெண்ணுக்குப் பேனாவால் சேலை கட்டிவிட்டது. முந்தானை எந்தத் தோளில் என்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம் ஆனது.

மற்றபடி இருந்த சில்லறை வேலைகளை, அதாவது புத்தகம் முழுவதையும் எழுதுவது, எழுதியது சரியா என்று எந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது, துரை செய்துவைத்த தப்புகளைக் கண்டுபிடித்துத் துரையின் மனம் நோகாமல் திருத்துவது ஆகியவற்றை, தற்காலிக உதவியாளர் யசோதா செய்தாள். பெங்களூர் போய் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். பாலகாட் தொழிலாளர் குடியிருப்பு லைனில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் லைனில் எந்த வீட்டுக்குக் காகிதம் வந்தாலும் அது அவள் கைக்கு வந்து சேரும். வாசித்துச் சொல்லிச் சொல்லி, காகிதத்தைக் கண்டாலே பல்லைக் கடிக்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

போன வாரம் வந்த காகிதம் அவள் வீட்டுக்கே வந்தது. அவளுடைய அப்பா தம்மபாலனுக்கு. வயது நாற்பத்துநாலு. இருபத்தைந்து வருஷம் பாறையில் ட்ரில் அடித்து, அடித்த பாறையில் பாதியை நெஞ்சுக்குள் சேர்த்துவைத்திருந்தார். ஆறு எட்டு நடந்தால் சுவரைப் பிடிப்பார். இரண்டு வாரமாகக் கம்பெனி ஆஸ்பத்திரியில் கட்டில். காகிதத்தில் ஒரே வரி: ‘நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்.’ திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

“நைனா, இதுல கையெழுத்துப் போடாத” என்றாள் யசோதா, கட்டிலின் ஓரத்தில் நின்றபடி.

“போடாங்காட்டி இன்னா பண்ணுவாங்க?”

“அவங்களா வெளிய அனுப்பட்டும்.”

“அவங்க விருப்பத்துக்கு அனுப்பிச்சா கயுத்தப் புடிச்சி தள்ளுவான். அதுக்கு என் விருப்பமே மேலு.” சிரிக்கப் போனவருக்கு இருமல் முந்திக்கொண்டது.

அட்டையின் ஐம்பத்தேழாவது கட்டம், ஒருவன் வேலையிலிருந்து நின்ற காரணத்தைச் சொல்லும் கட்டம். வயதாகி நின்றால் ஒன்றில் துளை. சொந்த விருப்பம் இரண்டு. டிஸ்மிஸ் மூன்று. கேஜ் கயிறு அறுந்து போனவனுக்கு இடமுண்டு. பாறை வெடித்துப் போனவனுக்கு இடமுண்டு. தங்கம் திருடி மாட்டியவனுக்கு எட்டாம் இடம் அட்சரசுத்தமாக உண்டு. நெஞ்சில் டஸ்ட், அதாவது பாறைத் தூசி, ஏறி நின்றவனுக்குத்தான் இடமில்லை. இடமில்லாதவனை நடுத்தெருவில் விடாமல் கம்பெனி இரண்டில் சேர்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரியின் விதி இன்னும் அன்பானது. சொந்த விருப்பத்தில் போனவர் வைத்தியத்தையும் சொந்த விருப்பப்படியே பார்த்துக்கொள்வார் என்பதால், அன்றைக்குச் சாயங்காலமே கட்டிலைக் காலிசெய்து கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு கையெழுத்து. திங்கட்கிழமையே கட்டில் போகும். அதனால்தான் யசோதா துளை கேட்டாள்.

“துளையா?” என்றார் சௌந்தரராஜன், இழவுச் செய்தி கேட்ட குரலில்.

“ஐம்பத்தேழாவது கட்டத்துலங்க. டஸ்ட் நோயால நின்னவங்களுக்குன்னு ஒரு இடம்.”

“பத்து இடமும் ரொம்பிடுத்தேம்மா.”

“ஒம்போதாவது இடம் காலிங்க.”

ஸ்டோர்ஸ் அதிகாரி மிஸ்டர் ஆர்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துரையின் முதல் பதிப்பைக் கறுப்புத் துணியில் சுற்றி வீட்டில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர் அவர். “ஒன்பது காலி இல்லை. ஒன்பது, ‘சீமைக்குத் திரும்பியவர்’.”

“கடைசியா அதுல துளை போட்டு பன்னெண்டு வருஷம் ஆவுதுங்க. இனிமே போறதுக்கு ஆளும் இல்ல.”

“ஒருத்தர் ஊருக்குப் போயிருக்கார்னா அவர் நாற்காலியில ஏறி உக்காந்துக்குவியா நீ?”

“அவரு திரும்பி வரமாட்டாருங்க சார்.”

“வந்துட்டா?” என்றார் ஆர்தர். “வந்துட்டு மறுபடி புறப்பட்டா, அவரை எந்தத் துளையில போட்டு அனுப்புவே?”

பி.எஸ்ஸி. கணக்கில் இதற்கு விடை சொல்லித்தரவில்லை. கணக்குப் பிரிவு, வண்டிப் பிரிவுப் பிரதிநிதிகள் இருவரும், கூட்டத்தின் கண்ணியத்துக்குக் குறைவில்லாமல், கண்மூடியபடியே தலையாட்டினார்கள்.

“அப்ப எட்டு குடுங்க. திருடி மாட்டினவங்கள டிஸ்மிஸ்ல சேர்த்துக்கலாம். எப்படியும் டிஸ்மிஸ்தான் பண்றோம்.”

“திருட்டையும் டிஸ்மிஸ்ஸையும் ஒண்ணாக் கலக்கறதா?” சௌந்தரராஜன் மனம் நொந்தார். “தங்கம் எங்கே போச்சுன்னு கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா?”

“ஆளு எங்க போனாருன்னு தெரிய வேணாங்களா?”

ஆஸ்பத்திரியின் சார்பில் வந்திருந்த டாக்டர் சுப்பிரமணி இந்த இடத்தில் விஞ்ஞானத்தின் குரலாக எழுந்தார். “முதல்ல அப்படி ஒரு வியாதி இருக்கணுமேம்மா. இருமிக்கிட்டு வர்றான், ‘இருமல்’னு எழுதறோம். மூச்சு வாங்கிக்கிட்டு வர்றான், ‘மூச்சு வாங்குதல்’னு எழுதறோம். இதுவரைக்கும் ஒருத்தனும் ‘டாக்டர், டஸ்ட் கொண்டாந்திருக்கேன்’னு வந்ததில்ல.”

“எக்ஸ்ரேல வெள்ளையா தெரியுதுங்களே.”

“எக்ஸ்ரேன்னா வெள்ளையும் கறுப்பும்தான். கலர்ல வரும்போது பாக்கலாம்.” டாக்டர் விரலை நீட்டி விளக்கினார். “இருமறது யாரு? அவன். கம்பெனியா இருமுது? சொந்த இருமல்னா சொந்தக் காரணம். சொந்தக் காரணம்னா சொந்த விருப்பம். இதுல புதுசா துளைக்கறதுக்கு எங்க இடம் இருக்கு?”

இவ்வளவு தெளிவாக யாராவது சொன்னபின் தீர்மானம் எழுதுவதுதான் பாக்கி. ‘துளைக் கோரிக்கை நான்காம் பதிப்பின்போது பரிசீலிக்கப்படும்.’

“இது ரெண்டாவது பதிப்புங்க. மூணாவதுல?” என்றாள் யசோதா.

“மூணாவதுல, நாலாவது பதிப்பைப் பத்தி யோசிப்போம்.” சௌந்தரராஜன் பேனாவை மூடினார். “இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஏழாவது அத்தியாயம். எந்திரத்தை ஓட்டிக் காட்டற உதாரணம் இன்னும் அந்தப் பொத்தான் ஃபேக்டரியாவே இருக்கு.”

துரையின் பதிப்பில் உதாரணம் சீமையில் ஏதோ ஒரு பொத்தான் தொழிற்சாலை. ‘நான்கு கண் உள்ள சிவப்புப் பொத்தான்கள் எத்தனை?’ என்று எந்திரத்தைக் கேட்டு விடை வாங்குவார்கள்.

“நமக்கெதுக்கும்மா யாரோட பொத்தானோ? உதாரணம் நம்ம மண்ணுலேர்ந்து வரணும். நம்ம அட்டை, நம்ம ஆளுங்க. அறுபது இடத்துக்கு அனுப்பப் போறோம். மத்த சுரங்கங்கள், சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர், பெங்களூர் லேபர் கமிஷனர், தொழிற்சங்கம், டெல்லியில மந்திரி. அத்தனை பேரும் பாத்துட்டு, ‘அடேயப்பா, இவங்க இவ்வளவு செய்யறாங்களா’ன்னு அசந்து போகணும்.”

“நம்ம ஆளுங்களையே வெச்சிப் போடலாங்களா?”

“நம்ம ஆளுங்களைத்தான் போடணும். டீ முடிஞ்சதும் எடுத்துண்டு வா. இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிடலாம்.”

டீ இடைவேளை ஒன்றரை மணி நேரம். அவ்வளவு பெரிய மூளைகள் ஆற அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.

எந்திர அறையில் ஜூடித் இருந்தாள். நாலு வருஷமாக அட்டையில் துளை போடுகிறவள். யசோதாவின் முகத்தைப் பார்த்ததுமே கையை நிறுத்தினாள்.

“இன்னாடி, குடுத்தாங்களா?”

“நாலாவது பதிப்புல குடுக்கறாங்களாம்.”

“அதுக்குள்ள லைனே காலியாப்பூடும். ஒம்போது கேட்டியா?”

“துரை வந்தா நிக்க இடம் வேணுமாம்.”

“வரட்டும், வந்து ஒரு ஷிப்ட் ட்ரில் அடிக்கட்டும். அப்ப அவனே கேப்பான், துளை எங்கன்னு.”

வேலையிலிருந்து நின்றவர்களின் அட்டைகள் தனி அலமாரியில் இருந்தன, ஆறாயிரத்துச் சொச்சம். யசோதா அவற்றை அள்ளி அள்ளி எந்திரத்தில் வைத்தாள். முதல் ஓட்டம்: ஐம்பத்தேழில் இரண்டு. சொந்த விருப்பக்காரர்கள் ஒரு தட்டில் வந்து விழுந்தார்கள். அவர்களை எடுத்து மறுபடி ஓட்டினாள்: பன்னிரண்டில் நாலு, ட்ரில் அடித்தவர்கள். கடைசி ஓட்டம்: வேலையைவிட்டு நின்றபோது வயது நாற்பத்தைந்துக்குக் கீழே. தட்டில் மிச்சம் நின்றது ஒரு சின்னக் கட்டு. எண்ணிக் காட்டும் முள் முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

ஜூடித் மேலே இருந்த நாலைந்தைப் புரட்டினாள். ஓரத்தில் அச்சாகியிருந்த பெயர் ஒன்றில் விரல் நின்றது. “கொர்னேலியஸ். எங்க மாமாடி.”

“தெரியும்.”

“இவுரு சொந்த விருப்பமா போனாரு? கையத் தூக்க முடியாம கெடந்தாரு. மேஸ்திரி வந்து கட்டவெரல மையில ஒத்திக்கினு போனான். பெரியவரே, கொஞ்சம் அயுத்தி வைங்கன்னான். அயுத்தறதுக்கு எங்கடி உசுரு இருந்தது?” வயசு முப்பத்தொன்பதில் ‘பெரியவர்’ ஆன கொர்னேலியஸின் அட்டையை அவள் இருந்த இடத்திலேயே செருகினாள். “இத்த யாருடி படிக்கப் போறா?”

“குழு படிக்காது. அதுதான் எனக்கு வேணும்.”

“மத்தவங்க படிச்சாங்கன்னா உன்ன வுடுவானுங்களா?”

“என் அட்டையில மூணுல துளை வுழும். நீயே போடு, வேற யாரும் கோணலா போட்ருவாங்க.” யசோதா கட்டைத் தூக்கிப் பெயர் அச்சடிக்கும் எந்திரத்தில் வைத்தாள்.

டீக்குப் பிறகு குழு மலர்ச்சியோடு கூடியது. குழுவில் ஒரு மரபு உண்டு. திருத்திய பக்கங்களை யசோதா நின்று வாசிக்க வேண்டும்; ஐந்து பேரும் கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ‘கண்டேன்’ என்று கையெழுத்திட வேண்டும். காதால் கேட்டுவிட்டுக் ‘கண்டேன்’ என்று எழுதும் இந்த முறை வேறெந்த ஆபீசிலும் கிடையாது. அவள் ஒன்றையும் மறைக்காமல், நிறுத்தி, தெளிவாக வாசித்தாள்.

“‘உதாரணம். நம் சுரங்கத்தில் பாறையில் ட்ரில் அடித்து, நாற்பத்தைந்து வயதுக்குள், சொந்த விருப்பத்தின் பேரில் வேலையைவிட்டு நின்றவர்கள் எத்தனை பேர்? ஆறாயிரத்து நாற்பது அட்டைகளை எந்திரத்தில் வைக்கவும். விடை: முந்நூற்றுப் பன்னிரண்டு.’”

“எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றார் சௌந்தரராஜன்.

“இருபது நிமிஷங்க.”

“இருபது நிமிஷம்.” அவர் நால்வரையும் பார்த்தார். “அந்தக் காலத்துல நாலு குமாஸ்தா மூணு மாசம் தேடியிருப்பான். அதுலயும் பாதி ஆளு கிடைச்சிருக்க மாட்டான்.”

“இப்பவும் கிடைக்கமாட்டாங்க சார்.”

“என்ன?”

“அந்த நாலு குமாஸ்தாவுக்குன்னு சொன்னேங்க.”

“முந்நூத்திப் பன்னெண்டு பேர், யாரும் சொல்லாம, தானா விருப்பப்பட்டு அடுத்தவனுக்கு வழி விட்டிருக்கான்” என்றார் டாக்டர். “தியாகம்தானே இது? நல்ல உதாரணம்.”

“பேர்ப் பட்டியலையும் பின்னால சேர்த்திருக்கேங்க. வயசு, வேலை பார்த்த வருஷம், நின்ன தேதி. வேணாம்னா எடுத்துடறேன்.”

மிஸ்டர் ஆர்தர் நிமிர்ந்தார். “எடுக்கக் கூடாது. துரை பொத்தான் பட்டியலை முழுசா கொடுத்திருந்தார். ஒரு பொத்தானைக்கூட விடலை.”

“அப்படின்னா அது மரபு” என்றார் சௌந்தரராஜன். “பொத்தானுக்குக் கொடுத்த மரியாதையை நம்ம ஆளுங்களுக்கும் கொடுப்போம்.”

“இவ்வளவு பேரு ஒரே வேலையில இருந்து ஏன் விருப்பப்பட்டாங்கன்னு கீழ ஒரு வரி எழுதலாங்களா?”

“கூடாது. வழிகாட்டி வழியைத்தான் காட்டணும். முடிவை வாசகரோட புத்திக்கு விட்டுடணும்.”

“சரிங்க.”

கையெழுத்துகள் விழத் தொடங்கின. கண்டேன், கண்டேன், கண்டேன். கண்மூடியிருந்த இருவரும்கூடக் கண்டார்கள். அச்சுக்கு அனுப்பும் உத்தரவிலும், அறுபது முகவரிப் பட்டியலிலும் சௌந்தரராஜன் தன் கையாலேயே முத்திரை குத்தினார். குத்தும்போதுதான் நினைவு வந்தது.

“உங்கப்பா திங்கட்கிழமை வர்றார் இல்லையா? கையெழுத்துப் போட?”

“அவரு வரக்கூடாதுங்களே.”

“ஏன்?”

“அவருக்கு நாப்பத்தி நாலு வயசு. ட்ரில். கையெழுத்துப் போட்டா முந்நூத்திப் பதிமூணு ஆயிடுவாங்க. புத்தகத்துல முந்நூத்திப் பன்னெண்டுன்னு இருக்கும்.”

அறையில் உண்மையான கவலை பரவியது அப்போதுதான். மூன்று வருஷ உழைப்பு, சேலை கட்டிய பெண், நாற்பத்தொரு கூட்டம், எல்லாம் திங்கட்கிழமை சாயங்காலம் பிழையாகப் போகிறது.

“ஏற்கெனவே கையெழுத்தாயிடுத்தே” என்றார் சௌந்தரராஜன்.

“பிழைதிருத்தம் போட்டா முதல் பதிப்பு நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்” என்றார் ஆர்தர்.

“அவரை வேற துளையில போட முடியாதா?” என்றார் டாக்டர். “ஒன்பது காலியா இருக்குன்னு யாரோ சொன்னாங்களே.”

ஆர்தர் அவரைப் பார்த்த பார்வையில் டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

“வேலையிலயே இருந்துட்டா துளையே வேணாங்க” என்றாள் யசோதா. “கட்டில் அங்கயே இருக்கட்டும். அவரு மட்டுமில்ல. இனிமே யாரு ட்ரில்ல இருந்து சொந்த விருப்பத்துல போனாலும் புத்தகம் தப்பாயிடும்.”

சௌந்தரராஜன் தீர ஆலோசித்தார். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்து தன் வாழ்நாளின் ஒரே நல்ல காரியத்தை, என்னவென்று தெரியாமலே, எழுதினார்: ‘வழிகாட்டியின் துல்லியத்தைக் காக்கும்பொருட்டு, மூன்றாம் பதிப்பு வெளிவரும் வரை ட்ரில் பிரிவைச் சேர்ந்த எவரும் சொந்த விருப்பம் கொள்ளலாகாது.’ ஐந்து பேரும் கண்டார்கள்.

யசோதாவுக்கு அந்தத் தீர்மானத்தின் ஆயுசு தெரியும். அறுபது பேரில் ஒருவர் பட்டியலைப் படிக்கும்வரை. பிறகு என்ன நடக்கும் என்பதையும் அவள் டீ இடைவேளையிலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தாள். ராபர்ட்சன்பேட்டையில் மாணிக்கராஜ் அச்சகம் ஆறு மணிக்கு மூடிவிடும். அவள் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள்.

“முன்னுரையில எந்திரத்தைப் பத்தி கச்சிதமா ஒரு வாக்கியம் இருக்கணுமேம்மா” என்றார் சௌந்தரராஜன்.

“எழுதியிருக்கேங்க. ‘இந்த எந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதற்கென்று தனியாக ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும்.’”

சௌந்தரராஜன் அதைக் கண்மூடி அனுபவித்தார். “எந்திரம் வந்தாலும் மனுஷாளோட அவசியம் குறையலைங்கறது எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்கோ. அதுக்கு நேர் கீழே நம்ம அஞ்சு பேர் போட்டோ வரணும். பேர் போட்டு.”

“பேர் போட்டுதாங்க” என்று சொல்லி, யசோதா காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.